வேலூர்க் கோட்டைக்குப் போன அரிசி



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டேன். அந்தக் கடனை இன்றைக்கு அடைக்கப் பார்க்கிறேன்.

போன மாதம் அவன் வீட்டுக்கு வந்திருந்தான், மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நெல் மண்டியில் மூட்டை தூக்கப் போனவன். இன்றைக்குச் சொந்தமாக ஒரு மினி லாரி வைத்திருக்கிறான். என் வீட்டுக்காரம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "நீ எட்டாவதுல ஹைதர் அலி பாடத்துல ஒரு கேள்வி கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

"கேள்வி ஞாபகம் இல்ல சார். நீங்க 'உட்காரு'ன்னு சொன்னது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் நான் கிளாஸ்ல எதுவும் கேக்கல சார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் காபி இறங்கவில்லை.

நடந்தது இதுதான். இரண்டாம் மைசூர்ப் போர் பாடம். ஆண்டு, தளபதிகள், உடன்படிக்கை எல்லாம் கரும்பலகையில் எழுதிவிட்டு, புத்தகத்தில் இல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். ஹைதர் அலி வேலூர்க் கோட்டையைச் சுற்றி வளைத்தார், ஊர்களை எல்லாம் எரித்தார், உள்ளே இருந்தவர்கள் பட்டினி கிடந்தார்கள், ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் அரிசி கொண்டுபோய்க் கோட்டையைக் காப்பாற்றினார் என்று சொல்லி முடித்தேன். இவன் எழுந்து நின்றான்.

"சார், ஊரெல்லாம் எரிஞ்சிபோச்சுன்னீங்க. அப்ப கோட்டைக்குப் போன அரிசி யார் வூட்டு அரிசி சார்?"

வகுப்பே சிரித்தது. "பரீட்சைக்கு வராததெல்லாம் கேக்காதே, உட்காரு" என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பதில் தெரியாது. நான் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்து வந்தவன். வரலாற்றில் பட்டம் வாங்கியவன் அல்ல. ஓய்வு பெற்ற பிறகுதான் நிதானமாகப் படிக்க நேரம் கிடைத்தது. படிக்கப் படிக்க, அந்தப் போரின் சாவியே அந்தக் கேள்விதான் என்று புரிந்தது.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். நம் திருத்தணி மலைமேல் ஏறி நின்று நாலு திசையும் பாருங்கள். கிழக்கே திருவள்ளூரை ஒட்டித் திருப்பாச்சூர். தெற்கே காஞ்சிபுரம் போகிற பக்கம் புள்ளலூர். மேற்கே சோளிங்கர். அதையும் தாண்டிப் போனால் வேலூர். வடமேற்கே கார்வேட்டிநகரம். 1780 முதல் 1782 வரை நடந்த போரில் இந்த ஐந்து பெயரும் திரும்பத் திரும்ப வருகின்றன. நடுவில் நிற்பது நம் மலை.

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு கணவாய்களைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் இறங்கினார். அப்போது 'கர்நாடகம்' என்றால் ஆற்காட்டு நவாபின் சீமை, அதாவது நம் பக்கம்தான். ஆட்சி நவாப் முகமது அலி பெயரில். படைபலம் கும்பினியின் கையில். செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை முழுவதுமாக அழிந்தது. அவருக்குத் துணையாக வந்திருக்க வேண்டிய ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். நவம்பர் 3 அன்று ஆற்காடு ஹைதர் கையில் விழுந்தது. வேலூர், வந்தவாசி போன்ற சில கோட்டைகள்தான் தனித்தனித் தீவுகளாக நின்றன.

வேலூர்க் கோட்டையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஐந்தாவது படிக்கும்போது சுற்றுலா அழைத்துப் போயிருக்கிறேன். கருங்கல் மதில், சுற்றிலும் அகலமான அகழி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், கிழக்கே கோட்டைக்கு மேலாக எழும் மலைகள், அவற்றின் மேலும் அரண்கள். அப்போது உள்ளே தளபதியாக இருந்தவர் கர்னல் ராஸ் லாங். மலை அரணைப் பிடித்துவிட்டால் அங்கிருந்து கோட்டைக்குள் குண்டு போடலாம் என்று ஹைதரின் படை முயன்றது. முடியவில்லை. பீரங்கியால் ஆகாததைப் பசியால் செய்யலாம் என்று சுற்றி வளைத்து வழிகளை அடைத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சினிமாவில் முற்றுகை என்றால் ஏணி வைத்து ஏறுவார்கள், கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவார்கள். நிஜத்தில் பெரும்பாலான முற்றுகைகளை முடித்து வைத்தது உலைப்பானைதான். உள்ளே அரிசி முதலில் தீருமா, வெளியே இருக்கிற படைக்கு முதலில் தீருமா என்பதுதான் போட்டி.

ஒரு கணக்குப் போடுவோம். வாத்தியார் புத்தி போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ அரிசி என்று வைத்துக்கொள்வோம். கோட்டைக்குள் 1,000 பேர் இருந்தால் ஒரு நாளைக்கு 750 கிலோ. நூறு நாளைக்கு 75,000 கிலோ. ஒரு பொதி மாடு 100 கிலோ சுமக்கும் என்றால் 750 மாடு வேண்டும். சரி, சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் அந்த மாடுகளைக் காவல் காத்துக்கொண்டு ஒரு படை போக வேண்டுமே! கூட்டின் படையில் சண்டை போடுகிறவர்கள் மட்டும் சுமார் 11,000 பேர். அவர்களுக்கு ஒரு நாளைக்கு 8,250 கிலோ, அதாவது 83 மாட்டுச் சுமை. போக வரப் பத்து நாள் என்றாலே 830 மாடு. கோட்டைக்குக் கொண்டுபோகிற அரிசியைவிடக் கொண்டுபோகிறவர்கள் வழியில் தின்கிற அரிசி அதிகம்! படையோடு கூட வந்த மாட்டுக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், அவர்கள் பெண்டு பிள்ளைகள் எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. மாட்டுக்கும் தீவனம் வேண்டும்.

கூட்டுக்குப் பெரிய குறையே இந்த மாடுதான். மாடும் அரிசியும் இல்லாததால் அவரால் கடற்கரையை விட்டு அதிக நாள் விலக முடியவில்லை. சென்னைக்கு அரிசி வங்காளத்திலிருந்து கப்பலில் வர வேண்டியிருந்தது. ஏன் என்றால் சுற்றுவட்டாரத்தில் விளைச்சலே இல்லை. ஹைதர் சென்னையைச் சுற்றி 30 மைலுக்கும் மேலாக உள்நாட்டுப் பக்கம் ஊர்களை எரித்து, மக்களை விரட்டி, ஒரு பொட்டல் வளையம் போட்டார். வேலூரைச் சுற்றியும் அப்படியே. பகைவனுக்கு ஒரு பிடி நெல்கூடக் கிடைக்கக் கூடாது என்பது யுத்தி. போர்முறை என்று பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். கூரை எரிந்த வீட்டுக்காரன் பக்கம் நின்று பார்த்தால் அதற்கு வேறு பெயர்.

1781 ஜனவரியில் கூட் சென்னையிலிருந்து புறப்பட்டு வந்தவாசியைப் போய் மீட்டார். அங்கே ஃபிளின்ட் என்ற லெப்டினென்ட் ஐந்து மாதத்துக்கு மேல் தாக்குப் பிடித்திருந்தார். கூட் வருகிறார் என்றதும் ஹைதர் வேலூரையும் சில நாள் விட்டு விலகினார். பிறகு மறுபடி அடைப்பு. ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் கூட் வென்றார். அதனால் வேலூரில் இருந்தவர்களின் பானையில் ஒரு படி அரிசிகூடக் கூடவில்லை.

ஆகஸ்டில் போர் நம் வாசலுக்கு வந்தது. ஆகஸ்ட் 22 அன்று கூட் திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்தார். வாசீஸ்வரர் கோயிலுக்குப் போகிறோமே, அதே திருப்பாச்சூர். அங்கே பிடிபட்ட ஹைதரின் வீரர்களைக் கொடுத்துவிட்டு, தம் ஆட்களை வாங்கிக்கொள்ளலாம் என்று கூட் சொல்லி அனுப்பினார். கோட்டையை விட்டுக்கொடுத்தவர்கள் தமக்கு வேண்டாம், அவர்களைக் கொன்றுவிடலாம் என்று ஹைதரிடமிருந்து பதில் வந்தது. கூட் அவர்களைக் கொல்லவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. விட்டுவிட்டார். கருணை இருந்திருக்கலாம். ஆனால் அவர்களுக்குப் போட அவரிடம் அரிசி இல்லை என்பதும் காரணம். ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களின் விதியை இரு பெரிய தளபதிகளின் வீரம் முடிவு செய்யவில்லை. அரிசி முடிவு செய்தது.

ஆகஸ்ட் 27 அன்று புள்ளலூரில் மறுபடி ஒரு போர். சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 27 அன்று, சோளிங்கர். கூட் அன்று வந்து மோதுவார் என்று ஹைதர் எதிர்பார்க்கவில்லை. அவரது பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போக நேரம் வேண்டும் என்பதற்காகவே குதிரைப்படையை ஆங்கிலேயர் மேல் ஏவினார். குதிரைக்காரர்கள் நிறையப் பேர் விழுந்தார்கள். பீரங்கிகள் ஏறக்குறைய எல்லாம் தப்பின. ஹைதர் பின்வாங்கினார்.

வென்றவர் துரத்திக்கொண்டு போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. அரிசி இல்லை. வேலூர் மேற்கே இருக்கிறது. ஆனால் வென்ற படை வடக்கே திரும்பி, பொம்மராஜா பாளையத்துக்குள் நுழைந்தது. பின்னாளில் கார்வேட்டிநகரம் ஜமீன் என்று சொன்னோமே, அதுதான். நம் திருத்தணி அந்த ஜமீனைச் சேர்ந்த ஊர். ஆம், என் மாணவனே, பதில் இங்கேதான் வருகிறது.

சோளிங்கர் போருக்குப் பிறகு இந்தப் பக்கத்துப் பாளையக்காரர்கள் ஹைதரை விட்டு ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார்கள். மலையும் காடும் சூழ்ந்த பாளையங்களில் எரியாமல் மிஞ்சிய ஊர்கள் இருந்தன. அங்கே நெல் இருந்தது. ஹைதருக்கும் அது தெரியும். பாளையக்காரர்களைத் தண்டிக்க, அவர்கள் ஊர்களை எரிக்க ஒரு படையை அனுப்பினார். அதைத் தடுக்கக் கூட் தாமே ஒரு சிறு படையோடு விரைந்தார். ஹைதருக்கு வரும் தானியத்தை மறிக்கக் கணவாய்ப் பக்கம் அனுப்பிய கர்னல் ஓவனின் பிரிவை அக்டோபர் 23 அன்று ஹைதர் நேராக வந்து தாக்கினார். அது பெரும்பாடு பட்டுத் தப்பியது. இவ்வளவும் எதற்கு? நெல்லுக்கு.

அது எந்த மாதம் என்று பாருங்கள். புரட்டாசி, ஐப்பசி. நம் பக்கம் சம்பாப் பயிர் வயலில் நிற்கிற காலம். அறுப்பு தையில்தான். ஐப்பசியில் ஒரு குடியானவன் வீட்டில் இருப்பது இரண்டே நெல்: அறுப்பு வரைக்கும் சாப்பிட வைத்த நெல், அடுத்த பட்டத்துக்கு வைத்த விதை நெல். படை வருகிறது என்றால் ஜனங்கள் நெல்லைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் காட்டுக்குள் போய்விடுவார்கள். படையோடு வருகிறவர்களுக்கு அதுவும் தெரியும். தரையைத் தட்டிப் பார்த்துத் தோண்டி எடுப்பார்கள். விலை கொடுத்து வாங்கியதோ, பாளையக்காரர் உத்தரவில் அளந்ததோ, தோண்டி எடுத்ததோ, அந்த வீட்டுக்கு வித்தியாசம் ஒன்றுமில்லை. ஐப்பசியில் போன நெல்லைத் தை வரைக்கும் யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

1781 நவம்பர் 3 அன்று கூட் வேலூரை அடைந்தார். ஆற்காடு விழுந்து சரியாக ஒரு வருடம். சில வாரங்களுக்கான அரிசியை உள்ளே சேர்த்துவிட்டுத் திரும்பினார். அது தீர்ந்துபோகிற நேரம், 1782 ஜனவரியில் மறுபடி புறப்பட்டார். அந்த மாதத் தொடக்கத்தில் அவருக்குப் பக்கவாதம் போல வந்து நினைவு தவறியது. 55 வயது மனிதர். பல்லக்கில் படுத்தபடியே படையோடு போனார். ஜனவரி இரண்டாம் வாரம், கோட்டையில் அரிசி தீருகிற தறுவாயில் போய்ச் சேர்ந்தார். வழியில் சதுப்பு நிலத்தில் ஹைதர் மறித்தார். திரும்பும்போதும் மறித்தார். அரிசி உள்ளே போய்விட்டது. வேலூர் கடைசி வரை விழவில்லை.

இந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கோட்டைக்குள் பசியோடு நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் சிப்பாய்கள், நம் ஊர்ப் பெயர் வைத்தவர்கள். ஹைதர் பக்கம் நின்றவர்களும் நம் மண்ணின் ஆட்கள்தான். ஆனால் 'கூட் வேலூருக்கு அரிசி கொடுத்தார்' என்று நான் பாடம் நடத்தியது தவறு. கூட் கொண்டுபோனார். கொடுத்தவர்கள் வேறு.

கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள்? ஊர் எரிந்தவர்களும் நெல் போனவர்களும் சென்னையை நோக்கி நடந்தார்கள். 1781, 82, 83 ஆண்டுகளில் சென்னையில் கொடும் பஞ்சம். 1782 அக்டோபரில் பெரும்புயல் அடித்து, துறையில் நின்ற அரிசிப் படகுகள் உடைந்தன. அந்த 1782-ல் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற வடசென்னையில் ஒரு சத்திரம் தொடங்கியது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். அதையொட்டி மருத்துவ உதவியும் வளர்ந்து, அதுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரியாக நிற்கிறது. பெரியவர்கள் இன்றும் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். என் அம்மாவை அங்கே சேர்த்திருந்தபோது, பஸ்ஸில் வழி கேட்டால் கண்டக்டரே "கஞ்சித்தொட்டியா?" என்று கேட்பார். தூக்குச் சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு பத்து நாள் போய் வந்தேன். அந்தப் பெயர் நம் ஊர்ப் பக்கத்து நெல்லிலிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஹைதர் 1782 டிசம்பர் 7 அன்று சித்தூர்ப் பக்கம் பாசறையிலேயே இறந்தார். கூட் 1783 ஏப்ரலில் சென்னையில் இறந்தார். 1784 மார்ச் 11 அன்று மங்களூர் உடன்படிக்கை. பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுத்துக்கொண்டார்கள். போருக்கு முன்னால் எப்படியோ அப்படியே. நெல்லைத் திருப்பிக் கொடுக்க உடன்படிக்கையில் இடமில்லை.

ஹாலந்து நாட்டில் லெய்டன் என்று ஒரு ஊர். 1574-ல் ஸ்பெயின் படை அதை முற்றுகையிட்டது. ஊரில் ஆயிரக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் செத்தார்கள். கடைசியில் அணைகளை உடைத்து வயல்களில் வெள்ளத்தை விட்டு, அந்தத் தண்ணீரிலேயே படகில் வந்து ஊரை மீட்டார்கள். கொண்டுவந்தது மீனும் வெள்ளை ரொட்டியும். 450 வருடம் ஆகியும் அக்டோபர் 3 அன்று அந்த ஊரில் மீனும் வெள்ளை ரொட்டியும் கொடுத்து அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். தளபதி பெயர் மறந்தாலும் சோற்றை மறக்கவில்லை. நமக்கு அப்படி ஒரு நாள் இல்லை. ஒரு ஆஸ்பத்திரிக்குப் பட்டப்பெயர்தான் மிச்சம்.

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. பாடத்தில் யார் ஜெயித்தார் என்று சொல்லுங்கள், ஆண்டு சொல்லுங்கள், மதிப்பெண்ணுக்கு அது வேண்டும். கூடவே, அன்றைக்கு யார் வீட்டு உலையில் அரிசி இல்லை என்றும் கேளுங்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து கேள்வி கேட்டால், தெரியாவிட்டால் 'எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்றேன்' என்று சொல்லிவிடுங்கள். அதில் வாத்தியாருக்கு ஒரு குறைவும் வராது. நான் அன்றைக்கு அந்த நாலு வார்த்தையைச் சொல்லாமல் 'உட்காரு' என்ற ஒரே வார்த்தையைச் சொன்னேன். அவன் வீட்டில் அப்போது இரண்டு வேளை உலை ஏறியதா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருவேளை அதனால்தான் அவனுக்கு அந்தக் கேள்வி தோன்றியதோ என்று இப்போது நினைக்கிறேன்.

வருகிற முகூர்த்தத்துக்குக் கல்யாணத்துக்குப் போகிறேன். இதை அப்படியே பெரிய எழுத்தில் அச்செடுத்து மொய்க் கவரோடு வைத்துக் கொடுக்கப் போகிறேன். பதில் முப்பது வருடம் தாமதம். கேள்விக்கு முழு மதிப்பெண்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் சார்,
திருத்தணி.